சொற்போரில் வென்றவர் யார்?

இருவர் மேடையேறிப் பாட்டால் பொருதுகின்றனர். ஒருவர் பாட, மற்றவர் எதிர்பாட, கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. முடிவில் ஒருவரின் கை உயர்த்தப்பெறுகின்றது. மற்றவர் தலைகவிழ்ந்து இறங்குகின்றார். எதனால் இவர் வென்றார், எதனால் அவர் தோற்றார் என்று நடுவரை வினவினால், கூட்டம் இவருக்கே மிகுதியாகக் கைதட்டிற்று என்பதற்கு மேல் விடை வருவதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, 'இராப்' என்னும் பெயரொடு உலகெங்கும் பரவி, இன்று தமிழில் 'சொல்லிசை' என்று வழங்கும் பாட்டுக்கலைக்கு நேர்ந்துள்ள பெருங்குறை இதுவே. பாடுவார்க்குப் பஞ்சமில்லை, கேட்பார்க்கும் பஞ்சமில்லை, அளந்து சொல்வார்க்கே பஞ்சம்.

இஃது ஏதோ பெருநகர்ப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்குதல் பொருந்தாது. சேலத்தினின்று 1997-இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், இராசிபுரத்தை அடுத்துள்ள வெண்ணந்தூர் ஒரு தறியூர். அத்தகைய ஊர்களின் இளைஞர் கையிலும் கைப்பேசி உண்டு. அதன்வழி நியூயார்க்குப் பாட்டும் கோலாலம்பூர்ப் பாட்டும் சென்னைப் பாட்டும் அவர் செவிக்கு ஒரே நொடியில் வந்து சேர்கின்றன. தறியின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தாளத்தை வெளியிலிருந்து எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அத்தகைய இளைஞர் இருவர் நாளை அவ்வூர் விழா மேடையில் சொல்லால் பொருத முன்வரின், நடுவராக அமரும் தமிழாசிரியர் எந்த அளவுகோலைக் கையில் எடுப்பார்?

தமிழ் கற்றாருள் ஒரு சாரார், 'இது மேலைக் கூச்சல். இதற்கு நடுவும் வேண்டா, நாட்டமும் வேண்டா' என்று முகம் திருப்புகின்றனர். பாடும் இளைஞருள் ஒரு சாரார், 'இது புத்தம் புதியது. பழைய இலக்கணம் எதுவும் இதற்குச் செல்லாது' என்று தோள் தட்டுகின்றனர். இரு கூற்றும் ஒரே அறியாமையின் இரு பக்கங்களே. பாட்டால் பொருதலும், பொருதாரை அவை அளந்து தீர்ப்புரைத்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. மணிமேகலையின் விழாவறை காதையில் புகார் நகரத்து முரசறைவோன், பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுமாறு கற்றாரை அழைக்கின்றான். பகையும் கலகமும் விலக்குமாறும் உடனே எச்சரிக்கின்றான். சொற்போர் வேண்டும், செற்றம் வேண்டா என்னும் இந்த இரட்டைக் கட்டளை அன்றே முரசில் அறையப்பட்டது.

இனி, பாட்டாலேயே நிகழ்ந்த போருக்கு இலாவணியைக் காண்க. மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் (1676–1855) அவர் வழியாக வந்து தமிழில் வேரூன்றிய பாட்டுவகை அது. பெயர் மராட்டியம், ஆயினும் தமிழர் வாயில் அது முழுச் சொற்போராகவே வளர்ந்தது. மாசித் திங்களின் காமன் விழாவில், சிவனின் நெற்றிக்கண் பட்டுக் காமன் எரிந்தான் என்று ஒருவர் பாடுவார். எரியவில்லை என்று மற்றவர் பாடுவார். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்பன அவற்றின் பெயர்கள். கையில் டேப்பு என்னும் தோற்கருவி. எதிரே இரவெல்லாம் விழித்திருக்கும் ஊர். ஒருவர் பாட்டில் தொடுத்த வினாவுக்கு மற்றவர் பாட்டிலேயே விடை தந்து, தம் வினாவையும் தொடுத்தல் வேண்டும். குரல் இனிமை இருந்தும் விடையின்றி நழுவுவோர் அவையின் மதிப்பை இழப்பர். இன்று அரசியலார் ஒருவரையொருவர் வெற்றுரையால் சாடுவதை 'இலாவணி பாடுதல்' என்று இழித்துரைக்கின்றனர். இலாவணிக்கு இதைவிடப் பெரிய பழி வேறில்லை. என்னை எனின், அதன் உயிரே விடை கூறுதல். அரசியலார் செய்யாததும் அதுவே.

சொல்லிசை பிறந்த மண்ணிலும் இவ்வளவுகோலே ஒருநாள் வெளிப்பட்டது. 1981-ஆம் ஆண்டு திசம்பரில் நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில், 'ஆர்லெம் வேர்ல்டு' என்னும் அரங்கில் பாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. பிசி பீ என்பவர் கூட்டத்தைக் கூவச் செய்வதில் பெயர் பெற்றவர். 'நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள்' என்று ஏவி, அவையைத் தம் பக்கம் இழுப்பதில் வல்லவர். அவர்க்கு எதிராக எழுந்த கூல் மோ டீ என்பவர் கூட்டத்தைக் கூவ ஏவவில்லை. எதிராளியின் அந்த வழக்கத்தையே பொருளாக எடுத்துக்கொண்டு, அடிமேல் அடியாக அடுக்கிச் சொல்லாலேயே அவரை மடக்கினார். அந்நிகழ்ச்சியின் ஒலிநாடா கைக்குக் கை பரவியது. கூட்டத்தை மகிழ்வித்தல் வேறு, சொல்வன்மை வேறு என்பதை அக்கலையினர் உணர்ந்த திருப்பம் என்று இன்றும் அது பேசப்படுகின்றது. தஞ்சை இலாவணி அவையும் ஆர்லெம் அரங்கும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் கண்ட உண்மை ஒன்றே.

அவ்வுண்மையினின்றே முதல் அளவுகோல் பிறக்கின்றது. எதிராளியின் சொல்லை வாங்கி, அதையே அவர்மேல் திருப்புதல் சொற்போரின் தலையாய திறம். எட்டயபுரத்து நிகழ்ச்சியாக வழங்கும் செய்தி இதற்குத் தக்க சான்று. இளம் பாரதியை இழிவுபடுத்தக் கருதிய காந்திமதிநாதன் என்பவர், அவரைச் சிறுவன் என்று பழிக்கும் ஈற்றடி ஒன்றைத் தந்து வெண்பா முடிக்கச் சொன்னார். பாரதியார் அவ்வடியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. தம் பெயரைப் 'பார்' என்றும் 'அதி' என்றும் பிரித்து, பழிப்பு முழுவதும் தந்தவரையே சாருமாறு பாடி முடித்தார். படைக்கலம் எதிராளியுடையது, வெற்றி பாரதியாருடையது. வீட்டில் எழுதி மனப்பாடம் செய்த நூறு அடிகளை மழையெனப் பொழிபவர் நல்ல பாட்டுக்காரராக இருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் யாராயினும் அப்பாட்டு மாறாதெனின், அவர் போரிட்டாரல்லர். தனியே பாடிவிட்டுச் சென்றார், அவ்வளவே. வேறொரு சொல் வந்து வெல்ல இயலாத சொல்லைத் தெரிந்து சொல்லுக என்று சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவதும், சொல்லை எதிர்ச்சொல்லொடு நிறுத்துப் பார்க்கும் இம்முறையையே.

இரண்டாம் அளவுகோல் சொல்லாட்சி. ஒரு சொல் இரு பொருள் தாங்குதல், ஓரெழுத்து மாற்றத்தால் ஒரு பொருள் கவிழ்தல், குறைந்த சொல்லில் நிறைந்த பொருள் அடங்குதல் ஆகியன இதன்பாற்படும். பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டைப் பொருத்திக் காட்டிய காளமேகப் புலவரின் இரட்டுறமொழிதல் இவ்வகையில் உச்சம். அம்மரபு அறுந்துவிடவில்லை. அரக்கோணத்துப் பாவலர் அறிவு 2019-இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்புக்குத் 'தெருக்குரல்' என்று பெயரிட்டார். திருக்குறளை நினைவூட்டிக்கொண்டே தெருவில் நிற்பாரின் குரலையும் ஒலிக்கச் செய்யும் அவ்வொரு சொல், பத்து அடிகள் செய்ய வேண்டியதைத் தனியே செய்துவிடுகின்றது. நடுவர் இத்தகைய இடங்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கூட்டம் இவற்றைச் சில வேளைகளில் மறுநாளே உணரும். நடுவர் அப்போதே உணர்தல் வேண்டும்.

மூன்றாவது ஓசை. விரைந்து பாடுதலே திறம் என்னும் மயக்கம் இன்று மிகுந்துள்ளது. விரைவு தமிழுக்கு அயலன்று. தொல்காப்பியம் கூறும் 20 வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் உள்ளன. ஆயின் விரைவுக்கு ஓர் உரைகல் உண்டு. வில்லிபுத்தூரார் தம்மொடு பொருது தோற்ற புலவரின் காதை அறுத்து வந்தார் என்றும், அவரை எதிர்த்த அருணகிரிநாதர் கந்தரந்தாதியில் தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த பாட்டைப் பாடினார் என்றும், வில்லிபுத்தூரார் பொருள் கூற இயலாது தோற்றார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. இங்குக் கருதத் தக்கது ஒன்று. அப்பாட்டு கேட்ட அளவில் வெறும் ஒலிக்குவியல்போலத் தோன்றும். ஆனால் நிறுத்திப் பிரித்தால் ஒவ்வோர் எழுத்தும் பொருள் தரும். பாடியவரே பொருளை விரித்தும் காட்டினார். ஆகவே விரைந்து பாடியவரின் அடிகளை மெல்லப் படித்துப் பார்த்தல் வேண்டும். மெல்லப் படித்தபின்னும் பொருள் நின்றால் அது வண்ணம். கரைந்துபோனால் வெறும் மூச்சுப் பயிற்சி.

ஓசையொடு சேர்த்து எண்ணத் தக்கது தொடை. ஆங்கிலச் சொல்லிசை அடியிறுதி ஒன்றிவருதலையே பெரிதும் நம்புவது. அதனைத் தமிழில் இயைபு என்பர். தமிழிலோ 'வந்தான், சென்றான், நின்றான்' என வினைமுற்றுகள் தாமாகவே ஒத்து முடிகின்றன. ஆதலின் இங்கு இயைபு மலிவானது. அதனை அடுக்கியவர்க்கு மதிப்பெண் அள்ளித் தருதல் தகாது. அடியின் முதலிலேயே இரண்டாம் எழுத்தைப் பொருத்தி எதுகை அமைத்தலும், சீர்தோறும் மோனை இழைத்தலும், முரண் தொடுத்தலுமே தமிழ்ப் பாவலரின் உழைப்பைக் காட்டுவன. ஆங்கில அளவுகோலைக் கொண்டு தமிழ்ப் பாட்டை அளப்பார் எளியதைப் பாராட்டி அரியதைத் தவறவிடுவர்.

மொழித்தூய்மையை இங்கு எவ்வாறு எண்ணுதல் வேண்டும்? இயைபு கிட்டாதபோது ஆங்கிலச் சொல் ஒன்றைச் செருகி அடியை முடிப்பவர் அவ்விடத்தில் தம் வறுமையையே பறைசாற்றுகின்றார். செருகிய சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச்சொல்லை அமைத்தால் அடி வலுப்பெறுமாயின், அச்செருகல் குற்றமே. மதிப்பெண் குறைத்தல் முறையே. ஆயினும் பிறமொழிச் சொல்லை நீக்கிய ஒன்றினாலேயே பாட்டு சிறந்துவிடாது. உமியை நீக்கினால் உள்ளே அரிசி இருத்தல் வேண்டும். பதராகிய பாட்டுக்குத் தூய்மை கருதி மாலை சூட்டும் நடுவர், தூய தமிழால் சுவைபடப் பாட இயலாது என்னும் பொய்க்குத் தாமே சான்று தேடிக் கொடுக்கின்றார். மற்று, கொங்கு நாட்டு ஊர்வழக்கைக் கலப்பு என்று கருதுதல் பெரும்பிழை. தறிக்குழியிலும் வயல்வரப்பிலும் வழங்கும் சொற்களுட் பல, அகரமுதலிகள் மறந்த நல்ல தமிழ்ச் சொற்கள். அவற்றை மேடையேற்றுபவர் மொழிக்குக் கொடை செய்கின்றார்.

நான்காவதாக எண்ண வேண்டியது வசை. சொற்போரில் வசை இராது என்பது இயலாதது. தொல்காப்பியரும் அதனை விலக்கவில்லை. அங்கதத்தைச் செம்பொருள் என்றும், கரந்தது என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படக் கூறுவதை வசை என்றும், மறைத்துக் கூறுவதைப் பழிகரப்பு என்றும் பெயரிட்டார். பழிகரப்பின் அருமையைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் காணலாம். சேலத்துக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையார், அவன் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுப் பளபளப்பாக உள்ளன என்று புகழ்கின்றார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலையிற் கிடக்கின்றன என்கின்றார். புகழ்ச்சியெல்லாம் பழியாகி, 'நீ போர் காணாதவன்' என்று குத்துகின்றது. ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. ஆயினும் இதனினும் கூரிய அடி இல்லை.

இதற்கு மாறாக, எதிராளியின் பிறப்பையும் நிறத்தையும் உடற்குறையையும், அவர் வீட்டுப் பெண்டிரையும் இழுத்துப் பழிப்பதற்குப் பாவன்மை எதுவும் வேண்டா. தெருச்சண்டைக்காரர் எவரும் அதனைச் செய்வர். அத்தகைய இடத்திற் கூட்டம் சிரிக்கும்; அச்சிரிப்பை வெற்றியாகக் கொள்ளும் நடுவர் இரு தீமை செய்கின்றார். சாதிச் செருக்குக்கு மேடையமைத்துத் தருதல் ஒன்று. அரும்பாடுபட்டுச் சொல்லை இழைத்த மற்றவரின் உழைப்பை மிதித்தல் மற்றொன்று. சாதியைச் சொல்லிப் பழித்தவர் அச்சுற்றில் தோற்றார் என்று அப்போதே அறிவித்தல் வேண்டும். வென்றவர்க்கும் ஒரு கடமை உண்டு. அருணகிரிநாதர் தோற்ற வில்லிபுத்தூராரின் காதை அறுக்கவில்லை. பாரதியாரும் திருப்பியடித்தபின், பெரியவர்முன் தம்மைத் தாழ்த்தி அதே ஈற்றடிக்கு மற்றொரு வெண்பா பாடினார் என்பர். வெற்றியைச் சுமக்கத் தெரிந்தவரே முழு வெற்றியாளர்.

இவற்றையெல்லாம் அளக்க வேண்டிய நடுவரின் பொறுப்பு சிறிதன்று. காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில், அதிமதுர கவிராயரின் தலைமையில் அமர்ந்த 64 புலவரைக் காளமேகம் எதிர்கொண்டார் என்பது வழிவழிச் செய்தி. கொதிக்கும் கொப்பரைக்குமேல் தொங்கும் பலகையில் அமர்ந்து, கேட்டவர் கேட்ட பொருளிலெல்லாம் உடனுக்குடன் பாடி முடித்தார். அவர் வென்றது அவையறிந்தது. ஆனால் அரசன் அதனை ஒப்பிச் சிறப்புச் செய்யவில்லை. நெஞ்சு புண்பட்ட புலவர் ஊர் மண்மூடிப் போகப் பாடினார் என்று கதை முடிகின்றது. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும் அதன் அறம் தெளிவு. அங்குத் தோற்றவர் கவிராயர் மட்டுமல்லர். கண்ணாரக் கண்டதை வாயாரச் சொல்லத் தவறிய அவையும் தோற்றது. தீர்ப்புத் தவறிய அவையின்மேல் விழுந்த மண் அது.

ஆதலின் வெண்ணந்தூர் போன்ற ஊர்களின் தமிழ் மன்றங்கள் சொல்லிசைப் போட்டி நடத்துமாயின், சில முறைமைகளை முன்னரே வகுத்துக்கொள்ளல் நலம். ஒவ்வொருவர்க்கும் இரண்டு சுற்றேனும் தருக. முதற்சுற்றில் முந்திப் பாடியவர் அடுத்த சுற்றிற் பிந்திப் பாடுக. என்னை எனின், பிந்திப் பாடுவார்க்கு மறுமொழி வாய்ப்பு மிகுதி. மதிப்பெண் 100 எனின், மறுமொழிக்கு 40, சொல்லாட்சிக்கு 30, ஓசைக்கும் தொடைக்கும் 20, அவைப்பண்புக்கு 10 எனப் பகுக்கலாம். மூவர் நடுவராக அமர்க. அவருள் ஒருவர் தமிழ் கற்றவராகவும், ஒருவர் நாட்டுப்பாட்டு அறிந்தவராகவும், ஒருவர் சொல்லிசை பாடுபவராகவும் இருக்க. முடிவைச் சொல்லும்போது, எந்த அடியால் இவர் வென்றார், எந்த இடத்தில் அவர் விடை தவறினார் என்பதை அவையறிய எடுத்துரைக்க. கரணியம் சொல்லாத தீர்ப்பு தீர்ப்பாகாது. தோற்றவர் தம் குறையை அறிந்து இறங்கினால் அடுத்த ஆண்டு வெல்வார். அறியாது இறங்கினால் நடுவரைப் பழித்துக்கொண்டே கலையைக் கைவிடுவார்.

நெசவூரார்க்கு இவ்வளவையை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உவமித்தது நன்னூல். நூல் என்னும் ஒரே சொல் தமிழில் தறியிலும் ஏட்டிலும் நிற்கின்றது. நெசவாளர் துணியை எவ்வாறு அளக்கின்றார்? ஒளிக்கு எதிரே விரித்துப் பிடித்து, பாவு அறுந்த இடத்தையும் ஊடை தவறிய இடத்தையும் காண்கின்றார். கஞ்சி ஏற்றிய துணி விறைத்து நின்று நெருக்கமாகத் தோன்றும். முதல் வெளுப்பில் அதன் மெய்ந்நிலை தெரிந்துவிடும். சொற்போரிற் கைதட்டல் அக்கஞ்சி போன்றது. அதனைக் கழுவிவிட்டு இழையை எண்ணுபவரே நடுவர்.

தமிழ் இளைஞர் பாட வந்துவிட்டனர். 2006-இல் மலேசியத் தமிழராகிய யோகி பி குழுவினர் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது வியந்து நோக்கிய தலைமுறை போய், தாமே எழுதித் தாமே பாடும் தலைமுறை ஊர்தோறும் எழுந்துவிட்டது. அவர்களை இகழ்ந்து விலகினால் அவர்கள் தமிழின் தொடையையும் வண்ணத்தையும் அறியாமலே வளர்வர். குறை அவரதாகாது, கற்றும் கற்பியாதாரதாகும். வெறுங் கைதட்டலால் ஏற்றிவிட்டாலோ, வசையே வன்மை என்று எண்ணிக் கெடுவர். இரண்டும் வேண்டா. அவர்கள் பாட்டைச் செவி கொடுத்துக் கேளுங்கள். அடியடியாகப் பிரித்து அளந்து சொல்லுங்கள். நல்ல நடுவர் இருக்கும் அவையில்தான் நல்ல பாவலர் உருவாகின்றார்.